வேற எடத்துக்குப் போயிரும்

சின்ன வயதில் உள்ளான் என்ற சின்ன நீர்க்கரைப் பறவையின் பெயரைக் கேட்டால் எனக்கு மிளகு வாசம்தான் ஞாபகம் வரும். அம்மாவின் ஊர் திருப்புவனம் பக்கம். கார்த்திகை, மார்கழியில் கண்மாய் நிறைந்து கிடக்கும்போது, வலைபோட்டுப் பிடிப்பவர்கள் உள்ளான்களைக் காலோடு கால் கட்டி, கொத்துக் கொத்தாகத் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் வருவார்கள். தாத்தா ஒரு கொத்து வாங்குவார். அம்மாச்சி மிளகும் சீரகமும் அரைத்துப் போட்டு வறுப்பார். ஒரு பறவையில் இரண்டு வாய்க் கறி தேறும். எலும்பையும் சேர்த்தே மென்றுவிடுவோம். அது எங்கிருந்து வந்தது, எங்கே போகும் என்று அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை.

பிறகு அந்தக் கண்மாயின் ஒரு பக்கம் பிளாட் ஆனது. மண்ணடித்துக் கல் ஊன்றிய சமயத்தில் யாரோ தாத்தாவிடம், "இனிமே உள்ளான் இங்க எறங்காதே" என்றார். தாத்தா சாதாரணமாகச் சொன்னார்: "அதுக்கென்ன, வேற எடத்துக்குப் போயிரும்." தாத்தாவுக்கு ஈரமில்லாமல் இல்லை. கன்றுக்குட்டி பால் குடிக்கவில்லை என்றால் ராத்திரி முழுக்கத் தொழுவத்தில் உட்கார்ந்திருப்பார். பறவைக்கு இறக்கை இருக்கிறது, இந்தக் கண்மாய் இல்லாவிட்டால் அடுத்த கண்மாய் என்று அவர் உண்மையாகவே நம்பினார். நானும் நாற்பது வயது வரை அப்படித்தான் நம்பினேன். அந்த நம்பிக்கை எப்படிப் போனது என்று எழுதிவைக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைப்பு.

நான் மதுரை கீழமாசி வீதியில் ஒரு மொத்த மளிகைக் கடையில் கணக்கெழுதுகிறேன். பறவை பார்க்கும் பழக்கம் என் தம்பி மகனிடமிருந்து ஒட்டிக்கொண்டது. இப்போது கல்லூரியில் இருக்கிறான், அப்போது ஒன்பதாம் வகுப்பு. ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியக்காலையில், "அத்தை, சாமநத்தம் கண்மாய்க்கு வண்டில கொண்டுபோய் விடுறீங்களா?" என்று கேட்டான். விட்டுவிட்டு வரலாம் என்றுதான் போனேன். கரையில் நின்றதும் பைனாகுலரை என் கையில் கொடுத்தான். தண்ணீர் வற்றிக்கொண்டிருந்த ஓரத்தில், ஈரச் சேற்றில், முப்பது நாற்பது பறவைகள் குனிந்து குனிந்து கொத்திக்கொண்டிருந்தன.

"இதெல்லாம் உள்ளான்தானடா?"

"எல்லாம் உள்ளான்தான் அத்தை. ஆனா எல்லாமே வேற வேற."

ஒவ்வொன்றாகச் சொன்னான். முதுகில் வெள்ளைப் பொட்டு வைத்தது பொறி உள்ளான். சுண்டெலி மாதிரி ஓடுவது கொசு உள்ளான். கால் பச்சையாக இருப்பது பச்சைக்காலி. நேரான நீள மூக்கைக் கண்வரைக்கும் சேற்றுக்குள் விட்டு எடுப்பது கருவால் மூக்கன். நான் அம்மாச்சி வீட்டில் தின்றது இதில் எது என்று யோசித்தபடி நின்றேன். பதில் கிடைக்கவில்லை. அன்று சாயங்காலம் கடையிலிருந்து ஒரு பழைய பேரேட்டை எடுத்துவந்து கோடு போட்டேன்: தேதி, நேரம், இடம், காற்று, தண்ணீர், பெயர், எண்ணிக்கை. வேலையே அதுதான் என்பதால் கை தானாகப் போனது.

வைகை கடலில் சேராத ஆறு என்று மதுரையில் சொல்வார்கள். தண்ணீர் இருக்கிற வருடத்தில் அது ராமநாதபுரம் பெரிய கண்மாயை நிரப்பிவிட்டு, மிச்சத்தை ஆற்றங்கரை என்கிற ஊர்ப் பக்கம் பாக் விரிகுடாவில் கொண்டுபோய் விடுகிறது. அதே பக்கம்தான் அழகன்குளம், தொல்லியல் துறை தோண்டி ரோமானியக் காசுகள் எடுத்த ஊர். சாமநத்தத்தில் ஆரம்பித்த பேரேடு ஒரு வருடத்துக்குள் வைகையோடு அந்தக் கரைக்குப் போய்ச் சேர்ந்தது. இப்போது மாதம் ஒரு தடவை, ராத்திரி மாட்டுத்தாவணியில் ராமேஸ்வரம் பஸ் ஏறுகிறோம். மானாமதுரை, பரமக்குடி வரை தூங்கிவிடலாம். ராமநாதபுரத்தில் இறங்கி டீ குடிக்கும்போது கிழக்கே வெளுக்க இன்னும் ஒரு மணி நேரம் இருக்கும்.

அங்கே மீனவர்கள் பாக் விரிகுடாவை வடகடல் என்பார்கள், மன்னார் வளைகுடாவைத் தென்கடல் என்பார்கள். வாடைக் காலத்தில் வடகடல் கொந்தளிக்கும், தென்கடல் அடங்கிக் கிடக்கும். தென்மேற்குக் காற்றான கச்சான் அடிக்கும் மாதங்களில் நேர்மாறு. வடகடல் ஆழமில்லாத கடல், சராசரியே 9 மீட்டர் அளவுதான். கடல்புல் படுகைகள், ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய வண்டல், கரையோரம் உமரி முளைத்த உவர்நிலம், காரங்காட்டுப் பக்கம் அலையாத்தி. உள்ளானுக்கு வேண்டியது எல்லாம் அதற்குள் இருக்கிறது.

முதல் மூன்று நான்கு பயணம் நாங்கள் ஏமாந்துதான் திரும்பினோம். கடலின் ஏற்றவற்ற அட்டவணையைப் பார்த்து, வற்றும் நேரத்துக்குப் போய் நிற்போம். சேறு வெளியே தெரியாது. ஒரு பெரியவர்தான் விளக்கினார். "இங்க நிலாவ மட்டும் பாத்தா ஆகாது தாயி. காத்தப் பாக்கணும்." இந்தக் கரையில் ஏற்றவற்றத்துக்கு இடையே ஒரு மீட்டர்கூட வித்தியாசம் கிடையாது. காற்று தண்ணீரைத் தள்ளிக் கரையில் ஏற்றினால் சேறு மூடிக்கொள்ளும், காற்று திரும்பினால் ஒரு காலைப் பொழுதில் அரை கிலோமீட்டர் வெளி திறக்கும். அன்றிலிருந்து புறப்படுவதற்கு முந்தின சாயங்காலம் அவருக்குப் போன் போட்டு, காற்று எந்தப் பக்கம் என்று கேட்டுவிட்டுத்தான் டிக்கெட் எடுப்பது.

இனி ஒரு பறவையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கர்லூ சாண்ட்பைப்பர், எங்கள் பேரேட்டில் வளைமூக்கு உள்ளான். ஒரு கோழிமுட்டை எடைதான் இருக்கும். நுனியில் லேசாகக் கீழே வளைந்த கறுப்பு மூக்கு. மார்ச் கடைசியில் ஒரு நாள், ஓடையொன்று கடலில் சேரும் இடத்தில், படகுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தோம். தண்ணீர் இறங்க இறங்க அவை எங்களை நோக்கி நகர்ந்து வந்தன. பத்தடி தூரத்தில் ஒன்று. மூக்கைச் சேற்றில் இறக்கி, எடுத்து, இறக்கி, எடுத்து. புதுமண்டபத்தில் தையல்காரர்கள் வரிசையாக உட்கார்ந்து மெஷின் மிதித்த காலத்தில் ஊசி ஏறி இறங்குமே, அதே வேகம், அதே சீர். கண்ணால் தேடவில்லை. மூக்கின் நுனியிலேயே தொடுவுணர்வு இருக்கிறது, சேற்றுக்குள் புழு நெளிவது அதற்குத் தெரிகிறது. ஒரு புழு அகப்பட்டது. அறுந்துவிடாமல் மெதுவாக இழுத்தது, ரப்பர் மாதிரி நீண்டு வந்தது, தண்ணீரில் ஒரு அலசு அலசி விழுங்கியது. மறுபடி ஊசி ஓட ஆரம்பித்தது. அதன் வயிற்றில் சாம்பலும் வெள்ளையுமான குளிர்கால இறகுகளுக்கு நடுவே செங்கல் நிறத்தில் திட்டுத் திட்டாகப் புது இறகு வந்திருந்தது.

அந்தச் செங்கல் நிறம் புறப்பாட்டுக்கு அடையாளம். அது முட்டையிடுவது சைபீரியாவின் வடக்கு ஓரம், டைமிர் தீபகற்பமும் அதைச் சுற்றிய துருவ நிலமும். ராமநாதபுரத்திலிருந்து நேர்கோடு போட்டாலே 7,000 கிலோமீட்டருக்கு மேல். ஐம்பது அறுபது கிராம் எடையுள்ள பறவை அந்தச் சில வாரங்களில் எண்பது கிராமைத் தாண்டும் அளவுக்குத் தின்று கொழுப்பு சேர்க்கிறது. அது ஓய்வாக மேய்கிற மாதிரி நமக்குத் தெரியும். உண்மையில் அது தன் டேங்கை நிரப்பிக்கொண்டிருக்கிறது, சொட்டுச் சொட்டாக.

இங்கேதான் தாத்தாவின் வாக்கியம் இடிக்கிறது. அதை நான் இப்போது பலர் வாயிலும் கேட்கிறேன். 2022இல் அலாஸ்காவிலிருந்து கிளம்பிய ஒரு பட்டைவால் மூக்கன், பிறந்து சில மாதமே ஆன குஞ்சு, எங்கும் இறங்காமல் 11 நாளில் 13,560 கிலோமீட்டர் பறந்து டாஸ்மேனியாவில் இறங்கியது. இதைச் சொன்னால், "அவ்வளவு தூரம் பறக்கிறதுக்கு இங்கருந்து நாலு கிலோமீட்டர் தள்ளிப் போறதா கஷ்டம்?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி மாதிரிதான் இருக்கிறது. கிரேட் நாட் என்று இதே கூட்டத்தைச் சேர்ந்த ஒரு பறவை உண்டு. ஆஸ்திரேலியாவிலிருந்து சீனா வரை 5,400 கிலோமீட்டர் பறந்து இறங்கியவற்றை ஆராய்ந்து பார்த்தார்கள். கொழுப்பு மட்டும் கரைந்திருக்கவில்லை. தசை, குடல், ஈரல் எல்லாம் சுருங்கியிருந்தன. மூளையும் நுரையீரலும்தான் குறையாமல் இருந்தன. தன் குடலையே எரித்துக்கொண்டு வந்து இறங்குகிற உயிரிடம், இன்னும் கொஞ்சம் தள்ளிப் போ என்று சொல்வதற்கு என்ன மிச்சம் இருக்கிறது?

தள்ளிப் போனால் என்ன ஆகும் என்பதற்கும் சாட்சி உண்டு. தென்கொரியாவில் சேமாங்கும் என்ற கழிமுகத்தில் 33 கிலோமீட்டர் நீளத்துக்குக் கடற்சுவர் கட்டி, 2006இல் கடலை அடைத்தார்கள். வடக்கே போகும் வழியில் கிரேட் நாட்கள் இறங்கித் தின்னும் பெரிய சேற்றுவெளி அது. அடைத்த பிறகு அங்கே பல்லாயிரக்கணக்கில் குறைந்தன. சரி, பக்கத்துச் சேற்றுவெளிகளுக்குப் போயிருக்கும் என்று அங்கெல்லாம் எண்ணிப் பார்த்தார்கள். அங்கே அந்த அளவுக்குக் கூடவில்லை. ஆஸ்திரேலியாவில் அவை குளிர்காலம் கழிக்கும் கரைகளில் எண்ணினார்கள். அங்கேயும் குறைந்திருந்தது. வேற எடம் என்று ஒன்று இருக்கவில்லை. 2015இல் கிரேட் நாட் அழியும் ஆபத்தில் உள்ள இனங்களின் பட்டியலில் சேர்ந்தது. கிரேட் நாட் நம் பக்கமும் வருகிற பறவைதான். ரஷ்யாவின் கம்சட்காவில் வளையம் மாட்டிய ஒன்று கேரளத்தின் சாவக்காடு கடற்கரையில் வந்து நின்றது. மன்னார் வளைகுடாத் தீவுகளிலும் அது பதிவான இனம்.

இந்த விவரம் எல்லாம் நமக்குத் தெரிவதற்கு ஒரே காரணம், சுவர் கட்டுவதற்கு முன்பும் பின்பும் ஒரே இடத்தில், ஒரே மாதத்தில், வருடா வருடம் யாரோ போய் எண்ணியிருக்கிறார்கள். எனக்கு அதைப் படித்தபோது புல்லரித்தது. கணக்கெழுதுகிறவள் என்பதால் கூடுதலாக. முதல் இருப்பு எழுதாத பேரேட்டில் எவ்வளவு நஷ்டம் என்று எந்த ஆடிட்டராலும் சொல்ல முடியாது. நம் கரைக்கு அந்த முதல் இருப்பை எழுதியவர்களில் ஒருவர் எஸ். பாலச்சந்திரன். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்காக 1980களில் மண்டபம் கரையிலும் பக்கத்துத் தீவுகளிலும் இந்தப் பறவைகளைப் பிடித்து, வளையமிட்டு, எடைபோட்டு, இறகு உதிர்வதைக் குறித்து விட்டுவைத்திருக்கிறார். இன்றைக்கு அங்கே குறைந்திருக்கிறது என்று யாராவது சொன்னால், எதோடு ஒப்பிட்டுக் குறைந்தது என்ற கேள்விக்கு அந்தப் பதிவுகள்தான் பதில்.

2024 அக்டோபரில், உயிரினங்களின் அழிவு ஆபத்தைப் படிவாரியாகச் சொல்லும் உலக சிவப்புப் பட்டியலைப் புதுப்பித்தபோது 16 கரைப்பறவை இனங்களை ஒரேயடியாக அதிக ஆபத்துள்ள படிக்கு மாற்றினார்கள். எங்கள் வளைமூக்கு உள்ளான் அதில் ஒன்று. சாம்பல் உப்புக்கொத்தியும் ஒன்று. கல்லைப் புரட்டி அடியில் இருப்பதைத் தின்னும் கல்திருப்பி உள்ளானும். அந்தச் செய்தி வந்த நாளில் தம்பி மகன் பேரேட்டைப் பின்னாலிருந்து புரட்டி, இந்த மூன்று பெயரும் வரும் இடத்திலெல்லாம் சிவப்பு மையில் கோடு போட்டான். ஏறக்குறைய எல்லாப் பக்கத்திலும் கோடு விழுந்தது. சாதாரணம் என்று நாங்கள் வேகமாக எழுதிவிட்டுத் தாண்டிப்போன பெயர்கள் அவை.

எண்ணுவது எப்படி என்று கேட்பவர்களுக்கு: சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும். முதலில் பத்துப் பறவையை ஒன்றொன்றாக எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று கண்ணில் பதித்துக்கொண்டு, அந்தப் பத்தைக் கூட்டத்தின் மேல் வரிசையாக வைத்துப் பார்க்க வேண்டும். நானும் அவனும் தனித்தனியாக எண்ணி, எழுதிமுடித்த பிறகுதான் ஒருவருக்கொருவர் காட்டுவோம். ரொம்ப வித்தியாசம் வந்தால் மறுபடி எண்ணுவோம். காலில் வளையமோ நிறக்கொடியோ இருக்கிறதா என்று பார்ப்போம். எந்த நாட்டில் பிடித்து மாட்டியது என்று கொடியின் நிறமே சொல்லும். கடைசியாக ஒன்று, இதைப் புதிதாக வருகிறவர்கள் செய்வதில்லை: எதுவும் இல்லாவிட்டால் பூஜ்யம் என்று எழுத வேண்டும். போகவில்லை என்பதும் போனேன், இல்லை என்பதும் ஒன்றல்ல. ஒரு ஜனவரியில் நான் ஒரு தப்பு செய்தேன். ஓடைக்கு மேற்கே ஒரு கூட்டத்தை எண்ணி எழுதினேன். டீ குடித்துவிட்டுக் கிழக்கே போனால் அங்கே ஒரு கூட்டம், அதையும் எழுதினேன். நாய் துரத்தி அதே கூட்டம்தான் கிழக்கே வந்திருந்தது என்று பிறகு தெரிந்தது. எண்ணிக்கை இரட்டிப்பாகி ஊருக்கெல்லாம் போய்விட்டது. திருத்தி அனுப்பும் வரை எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. குறைத்து எழுதினாலாவது ஒருவர் கவலைப்படுவார். கூட்டி எழுதினால், அதான் நிறைய இருக்கே என்று விட்டுவிடுவார்கள்.

ஜனவரியில் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் நடக்கிறது. வனத்துறையின் ஒருங்கிணைந்த நீர்ப்பறவைக் கணக்கெடுப்பும் பனிக்காலத்தில்தான். 2015 முதல் பொங்கல் விடுமுறையில் பறவை எண்ணுகிறவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். எல்லாம் நல்ல விஷயம். ஆனால் ஜனவரி தாண்டியும் ஆள் வேண்டும். மார்ச், ஏப்ரலில் டேங்க் நிரப்பும்போது யாரும் பார்ப்பதில்லை, பரீட்சைக் காலம், வெயில் வேறு. அந்த வாரங்களில்தான் கரையில் என்ன தொந்தரவு நடக்கிறது என்று தெரிய வேண்டும்.

தொந்தரவு என்றால் என்ன என்று ஒரு காலை எனக்குக் கற்றுக்கொடுத்தது. ராமேஸ்வரத்திலிருந்து தனுஷ்கோடி போகும் வழியில், கோதண்டராமர் கோயிலை ஒட்டிய காயல். பூநாரை பார்க்கக் கூட்டம் வரும் இடம். பூநாரையின் காலடியில் உள்ளான்கள் மேய்ந்துகொண்டிருக்கும், அவற்றை யாரும் பார்ப்பதில்லை. கேமராவோடு மூன்று பேர் வந்தார்கள். நல்ல கேமரா, நல்ல பிள்ளைகள், என்னை அக்கா என்று கூப்பிட்டு வழி கேட்டவர்கள். பறக்கிற படம் வேண்டும் என்று ஒருவர் தண்ணீரில் இறங்கிக் கைதட்டியபடி ஓடினார். மொத்தக் கூட்டமும் எழும்பியது. அழகாகத்தான் இருந்தது. ஒரே துணியை உதறியதுபோல வெள்ளையும் சாம்பலுமாக மடங்கித் திரும்பியது. இறங்கியது. மறுபடி ஓடினார். அவர்கள் போன பிறகு ஒரு வேன், அப்புறம் இரண்டு நாய். நான் அன்றைக்குப் பறவையை எண்ணுவதை விட்டுவிட்டு, எத்தனை தடவை எழும்புகின்றன என்று எண்ணினேன். இரண்டு மணி நேரத்தில் ஒன்பது தடவை. ஒவ்வொரு தடவையும் அது சேர்த்த கொழுப்பில் கொஞ்சம் போகிறது, தின்னவேண்டிய நேரத்தில் கொஞ்சம் போகிறது. அந்தத் தம்பியிடம் போய்ப் பேசினேன். "தெரியல அக்கா, வேற எடத்துக்குப் போயிரும்னு நெனச்சேன்" என்றார். என் தாத்தாவே வந்து சொன்ன மாதிரி இருந்தது. அரைமணி நேரம் அவரோடு நின்று, தூரத்திலிருந்து காட்டினேன். அவர் அசையாமல் நின்ற பத்தாவது நிமிடம் பறவைகள் தாமாகவே நெருங்கி வந்தன. அவருக்கு அன்று கிடைத்த நல்ல படம் அதுதான்.

2017இல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்தபிறகு அங்கே வண்டிகளுக்குக் கணக்கில்லை. 2025 ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் தினத்தன்று தனுஷ்கோடியில் சுமார் 524 ஹெக்டேரைப் பூநாரைச் சரணாலயமாகத் தமிழக அரசு அறிவித்தது. எனக்கு அதில் ரொம்ப சந்தோஷம். பெயர் பூநாரைக்கு, ஆனால் அந்தக் கூரைக்கு அடியில் உள்ளானும் உப்புக்கொத்தியும் ஆலாவும் ஒதுங்கிக்கொள்ளும். அந்த மணலிலேயே முட்டையிடும் ஒரு குட்டி உப்புக்கொத்தி இருக்கிறது. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் நிரந்தரமாக வாழும் அதைத் தனி இனம் என்று 2023இல் ஏற்றுக்கொண்டு, அனுமன் உப்புக்கொத்தி என்று பொருள்படும் பெயரை ஆங்கிலத்தில் வைத்தார்கள். சேது பக்கத்துப் பறவை என்பதால் அந்தப் பெயர். கூடு என்று ஒன்று கட்டாது. மணலில் ஒரு சின்னக் குழி, அதில் மணல் நிறத்திலேயே முட்டை. வண்டிச் சக்கரத்துக்கு அது தெரியாது. சரணாலயம் என்ற அறிவிப்பு அந்தக் குழிக்குப் பக்கத்தில் ஒரு கயிறாக, ஒரு காவலராக மாறும்போதுதான் முட்டைக்கு அது எட்டும்.

வலை விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருடத்துக்கு முன்பு பிப்ரவரியில், உமரிச் செடிகளுக்கு நடுவே கிழிந்த தங்கூசி வலை ஒன்று ஒதுங்கிக் கிடந்தது. கண்ணுக்கே தெரியாத நைலான். அதில் மூன்று கொசு உள்ளான்கள். ஒன்று செத்துக் காய்ந்திருந்தது. இரண்டு துடித்துக்கொண்டிருந்தன. நான் பதறிப்போய் இழுக்கப் போனேன். பின்னால் வந்த பெரியவர் அதட்டினார். "இழுக்காதீங்க தாயி, காலு கழண்டு போயிரும்." கத்தியும் ஆகாது என்றார். தம்பி மகன் பையிலிருந்து நகவெட்டியை எடுத்தான். பெரியவர் பறவையை இரண்டு விரலுக்கு நடுவே கழுத்தைக் கொடுத்துப் பிடித்தார், சமையலில் பழகிய கை முட்டையைப் பிடிப்பதுபோல. அவன் இழை இழையாக வெட்டினான். அப்புறம் என் உள்ளங்கையில் வைத்தார்கள். மூன்று பத்து ரூபாய்க் காசு எடைதான். இதயம் அடிப்பது தனித்தனியாகத் தெரியவில்லை, ஒரே அதிர்வாக இருந்தது, போன் வைப்ரேட் ஆவது மாதிரி. பெரியவரின் ஓலைப்பெட்டிக்குள் அரைமணி நேரம் இருட்டில் வைத்துவிட்டுத் திறந்தோம். ஒன்று வெளியே ஓடி, நின்று, உடம்பை உதறி, உடனே கொத்த ஆரம்பித்தது. பயம் தெளிய நேரம் எடுத்துக்கொள்ளவில்லை, அதற்குப் பசி. மற்றதற்கு இறக்கை முறிந்திருந்தது. அது பெட்டிக்குள்ளேயே அடங்கிவிட்டது.

"நாங்க போட்டது இல்ல தாயி, கடல் கொண்டாந்து ஒதுக்குனது" என்றார். பிறகு வலையைச் சுருட்டிக்கொண்டே, "எங்கய்யா காலத்துல பருத்தி நூல் வலை. கெடந்தா மக்கிரும். இது நம்ம பேரன் காலத்துலயும் மக்காது" என்றார். அந்தப் பறவையின் எடையை உள்ளங்கையில் உணர்ந்தபோது அம்மாச்சியின் சட்டி ஞாபகம் வந்தது. அவரிடம் சொன்னேன், நான் சின்னப் பிள்ளையில் இதைத் தின்றிருக்கிறேன் என்று. "யாரு திங்கல" என்றார். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை குற்றம், இன்றும் சில கண்மாய்களில் ராத்திரி வலை விரிப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பார்த்து முகம் சுளிக்க என்னால் முடியாது. போய்ப் பேசத்தான் முடியும், பேசுகிறேன். இப்போது ஒவ்வொரு பயணத்திலும் ஒரு சாக்கு கொண்டுபோகிறோம். பறவை எண்ணி முடித்ததும் கரையில் கிடக்கும் நைலானைப் பொறுக்குவது. பெரியவர் எங்களுக்கு முன்பே கொஞ்சம் சேர்த்து வைத்திருப்பார்.

மதுரையில் இருப்பவர்களுக்குக் கடற்கரை தூரம் என்று தோன்றலாம். நம் கண்மாய்கள் அந்தக் கரையின் பின்கட்டு. மழை நன்றாகப் பெய்த வருடத்தில் உள்ளான்கள் உள்நாடெங்கும் பரவி இறங்குகின்றன. நாம் கண்மாயைப் பார்த்து மகிழ்வது அது கரைதட்ட நிறைந்து நிற்கும்போது. உள்ளானுக்கு நிறைந்த கண்மாயும் பயனில்லை, வறண்ட கண்மாயும் பயனில்லை. இரண்டுக்கும் நடுவில், தண்ணீர் பின்வாங்கிக்கொண்டே போகும் அந்த ஈர விளிம்பு வேண்டும், இரண்டு விரல் தண்ணீர், நான்கு விரல் சேறு. குடிமராமத்து என்றும் அழகுபடுத்துவது என்றும் தூர்வாரும்போது பல இடங்களில் கண்மாயைத் தொட்டிபோல் வெட்டிவிடுகிறார்கள். கரை செங்குத்தாக இறங்குகிறது, சுற்றி நடைபாதை, விளக்கு. தண்ணீர் நிற்கும், விளிம்பு இருக்காது. தூர்வார வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, சீமைக்கருவேலம் மண்டிய கண்மாயை யார்தான் விரும்புவார்கள்? ஒரே ஒரு பக்கத்தையாவது பழையபடி சரிவாக விடுங்கள் என்று எங்கள் பகுதியில் வேலை நடந்தபோது போய்க் கேட்டேன். அங்கிருந்த மேற்பார்வையாளர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, "பறவைதானம்மா, வேற கண்மாய்க்குப் போயிரும்" என்றார். எந்தக் கண்மாய்க்கு என்று கேட்டேன். அவர் யோசித்து இரண்டு பெயர் சொன்னார். அந்த இரண்டிலும் அதே வேலை நடந்துகொண்டிருந்தது. அதை அவரே சொல்லிவிட்டு, கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். தெற்கு மூலையில் ஒரு பத்துப் பதினைந்து மீட்டர் சரிவாக விட்டிருக்கிறார்கள். போன மழைக்குப் பிறகு அங்கே பொறி உள்ளான் இறங்கியது.

சென்ற மாதம், ஜூன் நடுவில், வடகடல் கரைக்குப் போனோம். சீசன் முடிந்த பிறகு எதற்கு என்று வீட்டில் கேட்டார்கள். வளைமூக்கு உள்ளான்களில் தாய் தகப்பன் முதலில் தெற்கே கிளம்பிவிடும். குஞ்சுகள் சில வாரம் கழித்து, வழி காட்ட ஆளில்லாமல், தாமாகப் புறப்பட்டு இங்கே வந்து சேரும். துருவ நிலத்தில் லெம்மிங் என்ற எலி போன்ற பிராணி குறைந்துபோகும் வருடங்களில் நரிகள் பறவைக் குஞ்சுகள் பக்கம் திரும்பிவிடும். அந்த வருடம் நம் கரைக்கு இளசுகள் குறைவாக வரும். வந்தவை முதல் கோடையில் வடக்கே திரும்புவதில்லை. பெரியவை எல்லாம் சிவந்து, கொழுத்துக் கிளம்பிப் போன பிறகும் இவை இங்கேயே தங்கிவிடும். ஆகவே இந்தக் கரைக்கு விடுமுறை மாதம் கிடையாது.

கச்சான் பலமாக அடித்தது. தண்ணீர் நன்றாக இறங்கி, சேறு வெகுதூரம் திறந்து கிடந்தது. மணல் கண்ணில் விழுந்ததால் துண்டை முகத்தில் சுற்றிக்கொண்டோம். முதல் ஒரு மணி நேரம் ஒன்றுமில்லை. பேரேட்டில் பூஜ்யம் எழுதத் தேதி போட்டுவிட்டேன். பெரியவர்தான் கிழக்கே, கவிழ்த்துப் போட்ட வள்ளத்துக்கு அப்பால் கைகாட்டினார். காற்றுக்கு முகம் கொடுத்து, ஒற்றைக் காலில், ஒன்றை ஒன்று உரசாமல் வரிசையாக நின்றன. ஒன்றுகூடச் சிவந்திருக்கவில்லை. மேலும் போகாமல் அங்கேயே உட்கார்ந்தோம். தம்பி மகன் எண்ணினான், நான் எண்ணினேன், எழுதிக் காட்டிக்கொண்டோம். இரண்டு பேருக்கும் பதினொன்று.